ஜப்பான்ல இருந்து வந்த குடும்பம் – பெட்டியில எழுதின நம்பர்

மழைக்குருவி:
பக்கத்து வீட்டுப் பாட்டி தவறி நாற்பது நாள் ஆகுது. அவங்க பிறந்தது கலிஃபோர்னியாவுல, சான் ஹோசேல. அவங்க அம்மாதான் போட்டோ பார்த்து கல்யாணம் முடிஞ்சு, ஜப்பான்ல இருந்து கப்பல் ஏறி வந்தவங்க. 1942-ல, ஜப்பானோட போர் நடந்தப்ப, அமெரிக்க அரசு ஜப்பானியக் குடும்பங்களைக் கேம்புக்கு அனுப்பின கதை இங்க எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்க.

பாட்டி இருந்தப்ப ஒருநாள் அவங்க கராஜை ஒழிச்சுக் குடுக்கப் போனேன். ஒரு பழைய சூட்கேஸ், பக்கவாட்டுல வெள்ளை பெயிண்ட்ல அஞ்சு இலக்கம். "போன் நம்பரா பாட்டி?"ன்னு என் பையன் கேட்டான். அவங்க அந்தப் பக்கம் திரும்பி துணி மடிச்சுக்கிட்டே, பெட்டியைப் பார்க்காமலே, அஞ்சு எண்ணையும் ஒவ்வொண்ணா சொன்னாங்க. கேம்புக்கு அனுப்பினப்ப அரசு குடுத்த குடும்ப நம்பராம். சாண்டா அனிட்டா குதிரைப் பந்தயத் திடல்ல, லாயத்துல படுத்தப்ப அவங்களுக்கு 12 வயசு. "அம்மா தினமும் தரையைத் தேய்ச்சுக் கழுவுவா, வாடை போகவே இல்ல"ன்னாங்க. அப்புறம் வயோமிங்ல ஹார்ட் மவுண்டன் கேம்ப்.

பாட்டியோட அம்மா பேர் என்னன்னு நான் கேட்கவே இல்ல. மூணு வருஷம் பக்கத்து வீடு.

தெற்குவாசல்:
என் மாமியார் வேற வகை. போருக்கு அப்புறம் ஜப்பான்ல, யோகோசுகாவுல அமெரிக்கக் கடற்படைக்காரரைக் கட்டிக்கிட்டு 50-கள்ல வந்தவங்க. வீட்டுல ஜப்பானிய மொழி கூடாதுன்னு மாமனார் சொல்லிட்டாராம், பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது. நான் அரிசி களைஞ்ச தண்ணியை சிங்க்ல ஊத்தப் போனா கையைப் பிடிச்சுடுவாங்க, செடிக்கு ஊத்தணும். எங்க அப்பத்தாவும் அதேதான். அதுலதான் நாங்க ஒட்டிக்கிட்டோம்.

கடைசி ஆறு மாசம் மறதி நோய். இங்கிலீஷ் முழுசா போயிடுச்சு. ஒரு ராத்திரி "சமுய், சமுய்"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. என் காதுல "சமை"ன்னு விழுந்துச்சு. பசிக்குதுன்னு நினைச்சு கஞ்சி வச்சு ஊட்டினேன். மறுநாள் வந்த நர்ஸ் சொன்னாங்க, குளிருதுன்னு அர்த்தமாம். ராத்திரி பூரா ஒரே போர்வை.

பழைய ஏடு:
மழைக்குருவி, "அதை விடுங்க"ன்னா எப்படிங்க? கேம்ப்னு சொன்னா பள்ளிக்கூடப் பிள்ளைங்க கூடாரம் போட்ட மாதிரி இருக்கு. முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கி. அது சிறை. அடைக்கப்பட்ட சுமார் 1,20,000 பேர்ல மூணுல ரெண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அந்த அம்மா மாதிரி ஜப்பான்ல இருந்து வந்தவங்களுக்கோ 1952 வரைக்கும் குடியுரிமை கேட்கவே சட்டம் இடம் தரல. 1988 சட்டத்துல நஷ்டஈடா வந்த 20,000 டாலரும் அப்ப உயிரோட இருந்தவங்களுக்கு மட்டும்தான்.

கலிஃபோர்னியாவுல அப்படி ஒரு சிறை இருந்த மன்சனாருக்கு நான் போயிருக்கேன். வெள்ளை நினைவுத் தூணுக்குக் கீழ யாரோ காகிதக் கொக்கு மாலை கட்டியிருந்தாங்க, காத்துல சரசரன்னு சத்தம். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனா ஒண்ணு சொல்றேன். பேர் கிடைக்கும். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துல அடைக்கப்பட்டவங்க பதிவு இருக்கு, குடும்ப நம்பரும் அதுல வரும். கப்பல் பயணிகள் பட்டியலும் இருக்கு. ஜப்பான்ல கோசெகின்னு குடும்பப் பதிவேடு சொந்த ஊர் அலுவலகத்துல இருக்கும், ஆனா பொதுவா நேரடி வாரிசு மாதிரி நெருங்கின சொந்தம் கேட்டாத்தான் தருவாங்க. பேத்தி இருந்தா அவங்களைக் கேட்கச் சொல்லுங்க. ஜப்பான்ல எந்த மாவட்டம், எந்த ஊர்னு முதல்ல அந்த அம்மாவோட கல்லறைக் கல்லுல பாருங்க. பெட்டியைத் துடைக்காதீங்க, பெயிண்ட் உதிரும், போட்டோ எடுத்து வைங்க. வீட்டுல பெரியவங்க இருக்கிற எல்லாரும் இன்னைக்கே போன்ல குரலைப் பதிவு பண்ணுங்க.

மழைக்குருவி:
நன்றிங்க. விடச் சொன்னது தப்புதான். பெட்டி இப்ப பேத்தி வீட்டுல இருக்கு, கேட்டுப் பார்க்கிறேன்.

தெற்குவாசல்:
பதிவு பண்ணுங்கன்னு சுலபமா சொல்லிட்டீங்க. என்கிட்ட இருக்கு, 4 நிமிஷம். கடைசி வாரம் அவங்க விடாம பேசினது. தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து அர்த்தம் கேட்கலாம்னு நான் சொல்லும்போதெல்லாம் வீட்டுக்காரர் வேணாம்கிறார். "குளிருதுன்னு சொல்லியிருந்தா?"ன்னு கேட்கிறார்.