அவசரம்: நைரோபியில் இறங்கி அதே நாள் மாசாய் மாரா விமானம் பிடிக்க முடியுமா?

தாம்பரம்_கார்த்தி
வணக்கம். கென்யால இருக்கற மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போறோம். நைரோபில மதியம் 1.10க்கு இறங்குறோம், மாரா விமானம் 3 மணிக்கு. நேரம் போதுமா? டிக்கெட்டை இன்னிக்கு ராத்திரிக்குள்ள போடணும், விலை ஏறிக்கிட்டே இருக்கு. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

மலர்விழி
எந்த மாசம்? எத்தனை பேர்? எல்லாம் ஒரே பிஎன்ஆரா, தனித்தனி டிக்கெட்டா? இதெல்லாம் சொல்லாம எப்படிப்பா பதில் சொல்றது?

நாகை_நாடோடி
அடிஸ் அபாபா வழியா போங்க. ஆப்பிரிக்காவுக்கு அதுதான் சரியான வழி. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ்ல கடைசி வரைக்கும் ஒரே டிக்கெட், லக்கேஜும் நேரா நைரோபி போயிடும்.

வனமோகன்
இதே கேள்வி ஒவ்வொரு சீசன்லயும் வருது. பழைய இழைகளைத் தேடிப் படிச்சிட்டு வந்தா எல்லாருக்கும் நேரம் மிச்சம். நைரோபில ரெண்டு விமான நிலையம் இருக்கு தம்பி. சர்வதேச விமானம் இறங்கறது ஜோமோ கென்யாட்டா. மாராவுக்குப் போற சின்ன விமானம் கிளம்பறது வில்சன். நடுவுல ஊரைக் கடக்கணும். இந்த அடிப்படையே தெரியாம டிக்கெட் போட உக்காந்தா எப்படி?

தாம்பரம்_கார்த்தி
ரெண்டு ஏர்போர்ட்டா?? ஏஜென்ட் சொல்லவே இல்ல. காலாண்டு லீவுல போறோம், செப்டம்பர் கடைசி. சென்னை–மும்பை ஒரு டிக்கெட், மும்பை–நைரோபி வேற டிக்கெட், மாரா விமானம் தனி.

மலர்விழி
அப்ப வேண்டாம் கார்த்தி. மூணும் தனித்தனின்னா சென்னைல ஒரு மணி நேரம் தாமதமானாலும் மும்பைலேர்ந்து போற நைரோபி விமானம் போயிடும், யாரும் பொறுப்பேற்க மாட்டாங்க. மும்பைலயே பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் போடணும். நைரோபில இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, கஸ்டம்ஸ், அப்புறம் டாக்ஸி. எக்ஸ்பிரஸ்வே வந்த பிறகு பரவாயில்ல, ஆனா அதை விட்டு இறங்கினா வில்சன் பக்கம் நெரிசல்தான். ஒரு மணி ஐம்பது நிமிஷத்துல முடியாது. 3 மணி விமானத்தை விட்டா அன்னிக்கு வேற கிடைக்கறது கஷ்டம். மாரா ஏர்ஸ்ட்ரிப் பெரும்பாலும் மண் ஓடுதளம், விளக்கு கிடையாது, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கியாகணும். ஒரு ராத்திரி நைரோபில தங்கிட்டு மறுநாள் காலை விமானத்துல போங்க.

சேலம்_செந்தில்
விமானமே எதுக்கு? நரோக்ங்கற ஊர் வழியா ரோட்ல போங்க, அஞ்சாறு மணி நேரம். போற வழில ரிஃப்ட் பள்ளத்தாக்கு வியூ பாயின்ட் இருக்கு. காசும் மிச்சம்.

நாகை_நாடோடி
ரோட்ல போனா ஒரு நாள் போச்சு. அடிஸ் வழியா வந்தா ஒரே டிக்கெட்டு, தாமதமானா அடுத்த விமானத்துல அவங்களே ஏத்தி விடுவாங்க.

மலர்விழி
நைரோபி வரைக்கும்தான் அண்ணா. வில்சன் விமானம் அப்பவும் தனிதானே?

டாக்டர்_நெல்லை
யாருமே கேக்கல, அதனால நான் கேக்கறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாச்சா? கென்யாலேர்ந்து திரும்பும்போது ஊசி போட்டதுக்கான அட்டை இல்லன்னா இந்தியால இறங்கினதும் 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்துவாங்க. ஊசி போட்ட 10 நாளுக்கு அப்புறம்தான் அட்டை செல்லும். ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க, முன்பதிவு பண்ணிட்டுப் போங்க. கூட வர்றவங்க வயசு என்ன?

தாம்பரம்_கார்த்தி
நான், மனைவி, ரெண்டு பசங்க (7, 11), அம்மா. அம்மாவுக்கு 66.

டாக்டர்_நெல்லை
அம்மாவுக்கு இந்த ஊசியைப் பத்தி அவங்க டாக்டர்கிட்ட நேர்ல பேசாம டிக்கெட் போடாதீங்க. இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 60 தாண்டினவங்களுக்கு முதல் தடவை போடறப்ப அரிதா கடுமையான பக்கவிளைவு வரலாம். வேற என்ன மருந்து சாப்பிடறாங்கங்கறதும் முக்கியம். மாராவுல மலேரியாவும் உண்டு, அதுக்கான மாத்திரையையும் கையோட கேட்டுக்கங்க.

வனமோகன்
இடிஏ (ஆன்லைன்ல முன்கூட்டியே வாங்கற பயண அனுமதி) போட்டாச்சா? 2024 ஜனவரிலேர்ந்து விசாவுக்குப் பதில் அதுதான். குழந்தைக்கும் தனியா போடணும். இன்னொண்ணு, வில்சன் விமானத்துல கைப்பை உட்பட ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மெத்துன்னு மடங்கற துணிப்பை. சக்கரம் வச்ச கெட்டிப் பெட்டி அந்த விமானத்தோட வயித்துக்குள்ள நுழையாது. பிளாஸ்டிக் கவர்ல எதையும் சுத்தி எடுத்துட்டுப் போகாதீங்க, 2017லேர்ந்து அங்க தடை.

சேலம்_செந்தில்
செப்டம்பர் கடைசின்னா ஆத்தைக் கடக்கற வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கற பெரிய மான் இனம்) மந்தை பாக்கலாமே! கைடுகிட்ட முதல்லயே சொல்லிடுங்க, இருக்கற நாள் முழுக்க மாரா ஆத்தங்கரையிலேயே நிக்கணும்னு. அதைப் பாக்காம வந்தா போனதே வீண்.

வால்பாறை_வாசி
தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க செந்தில். நான் அங்க நின்னு பாத்தேன். கரைல வில்டபீஸ்ட் கூட்டம் இறங்கலாமா வேண்டாமான்னு தயங்கி நிக்குது. அது இறங்கற வழியிலேயே இருபது முப்பது வண்டி, என்ஜின் ஓட ஓட. முன்னால வந்தது திரும்பி ஓடுது, பின்னால வர்றது முட்டுது, குட்டி தாயை விட்டுப் பிரிஞ்சு கத்துது. ஒரு விலங்குகிட்ட அஞ்சு வண்டிக்கு மேல நிக்கக்கூடாதுன்னு விதி இருக்கு. நம்ம ஆளுங்களே டிரைவரை முன்னாடி போ முன்னாடி போன்னு விரட்டறாங்க.

சேலம்_செந்தில்
ஜூலைலேர்ந்து டிசம்பர் வரைக்கும் பெரியவங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம், அதுவும் 12 மணி நேரத்துக்கு. அவ்வளவு குடுத்துட்டு தூரத்துல நிக்கணுமா? வாழ்க்கைல ஒரு தடவைதான் போறோம்.

வால்பாறை_வாசி
நமக்கு ஒரு தடவை. அதுகளுக்கு வருஷா வருஷம் அதே ஆறு, அதே முதலை, மேல நம்ம வண்டி வேற. கார்த்தி, ஆத்துக்கு மேற்கே இருக்கற மாரா டிரையாங்கிள் பகுதில கட்டுப்பாடு நல்லா இருக்கு. இல்லன்னா காப்பகத்துக்கு வெளிய இருக்கற கன்சர்வன்சி (தனியா நடத்தற பாதுகாப்பு வனப்பகுதி) ஏதாவதுல தங்குங்க, வண்டிக்கூட்டம் கம்மி. சிங்கத்தைப் பக்கத்துலேர்ந்து அரை மணி நேரம் அமைதியா பாக்கற சுகம் பசங்களுக்கு ஆத்தங்கரைல கிடைக்காது.

சேலம்_செந்தில்
கன்சர்வன்சி விலையைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. எல்லாராலும் முடியாது.

வனமோகன்
ரெண்டு பேரும் தனி இழை ஆரம்பிச்சுப் பேசுங்க. அவர் கேட்டது விமானம். கார்த்தி, எங்க இருக்கீங்க?

மலர்விழி
ராத்திரிக்குள்ள போடணும்னாரு. போட்டுட்டாரோ என்னமோ.

*(நான்கு நாள் கழித்து)*

தாம்பரம்_கார்த்தி
எல்லாருக்கும் நன்றி. அன்னிக்கு டிக்கெட் போடல. சென்னைலேர்ந்து துபாய் வழியா நைரோபி வரைக்கும் ஒரே பிஎன்ஆர்ல போட்டாச்சு. நைரோபில ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் காலைல வில்சன். கிண்டில எங்க நாலு பேருக்கும் ஊசிக்குத் தேதி வாங்கியாச்சு. அம்மாவுக்கு டாக்டர் வேண்டாம்னுட்டார், அவங்க வரல. பொங்கலுக்கு அவங்களை முதுமலை கூட்டிட்டுப் போறோம்.

மலர்விழி
ரொம்ப நல்லது. மாராவுல எந்த ஏர்ஸ்ட்ரிப்ல இறங்கணும்னு நீங்க தங்கப்போற கேம்ப்ல கேட்டீங்களா? கீக்கொரோக், ஓல் கியோம்போ, முசியாரான்னு நிறைய இருக்கு. மாத்தி இறங்கினா வண்டி வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகும்.

வால்பாறை_வாசி
எந்த கேம்ப்னு சொல்லுங்க கார்த்தி, ஆத்துக்கு எந்தக் கரைல இருக்குன்னு பாத்துச் சொல்றேன்.