பதில்: கிளிப்பிங்: ‘நறுக்கம்’ வேண்டாம், ‘வான் பாய்தல்’ ஆகுமா?

குழுவினருக்கு வணக்கம். ஒலிப்பதிவில் சத்தம் அளவு மீறி, அலையின் முகடு தட்டையாகிக் கரகரப்பதைத்தான் ‘கிளிப்பிங்’ என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல்லாக, குளம் நிரம்பி வழிவதற்கு நாங்கள் சொல்லும் ‘வான் பாய்தல்’ ஆகுமா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> அலையின் தலை வெட்டப்படுவதால் ‘நறுக்கம்’ அல்லது ‘வெட்டுப்படல்’ போதுமே?

படத்தைப் பார்த்தால் சரிதான், ஐயா. திரையில் அலையின் முகடு அரிவாளால் சீவினது போலத்தான் கிடக்கும். வாயால் சொல்லிப் பார்த்தபோதுதான் இடறியது.

நாங்கள் வலையொலிக்குப் பதிவு செய்வது கிளிநொச்சியில், வீட்டுப் பின்னறையில். பழைய மடிக்கணினி, யூ.எஸ்.பி. மைக் ஒன்று, காசில்லாமல் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள், சுவரில் தொங்கும் இரண்டு போர்வை. அவ்வளவுதான் ஸ்டூடியோ. போன கிழமை மருமகனிடம் “உன்ர குரல் வெட்டுப்படுது” என்றேன். அவன் எழும்பி வைஃபையைப் பார்க்கப் போய்விட்டான். வட்ஸ்அப் அழைப்பில் குரல் விட்டுவிட்டு வந்தால் அதற்குத்தானே நாங்கள் அப்படிச் சொல்வோம்! ‘நறுக்கம்’ என்றபோது, “எந்த இடத்தில நறுக்கினது?” என்று கேட்டான். இருமலையும் செருமலையும் வெட்டி எடுப்பது அவன் பொறுப்பு. ஆக, வெட்டுக்கு எங்கள் மேசையில் ஏற்கனவே இரண்டு வேலை இருக்கிறது.

ஊரில் சொல்வது “சத்தம் உடையுது”. நல்ல சொல்தான். ஆனால் ஸ்பீக்கர் கிழிந்திருந்தாலும் அதையே சொல்வார்கள்.

எனக்கு வேறு சொல் தோன்றியது கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரைப் பதிவு செய்த நாளில். விருத்தத்தை முணுமுணுப்பாய்த் தொடங்கினார். அளவு போதாதென்று கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டினேன். பிறகு தரு என்ற கூத்துப் பாட்டை உரத்து எடுத்தார் பாருங்கள், சிவப்பு விளக்கு அணையவே இல்லை. ஒலியைக் குறைத்து மறுபடி கேட்டேன். மட்டமான தலை மட்டமாகவே தாழ்ந்து வந்தது, கரகரப்பு போகவில்லை. கணினி ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எண்ணாக எழுதும்; அந்த ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி (சாம்பிள்). 16 பிட் பதிவில் ஒரு மாதிரியின் உச்ச எண் 32767. அதற்கு மேல் அவர் எவ்வளவு உரத்துப் பாடினாலும் எழுதப்படுவது அதே 32767. குளம் வான் மட்டத்துக்கு வந்தபின் எவ்வளவு மழை பெய்தாலும் நீர்மட்டம் பெரிதாய் ஏறாமல் மிச்சம் வழிந்து போகிறதே, அதுதான் இது. மாரியில் கனகாம்பிகைக்குளம் வான் பாய்வதைப் பார்த்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

> தமிழ்நாட்டில் ‘வான்’ என்றால் ஆகாயம் மட்டும்தான். குழப்பம் வராதா?

வரும். திருநெல்வேலிப் பக்கம் ‘மறுகால் பாய்தல்’ என்பீர்கள், வேறு இடங்களில் கலிங்கு. ‘மறுகால்’ எனக்கும் பிடித்த சொல். அதையே எல்லோரும் ஏற்றால் நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். குளத்துச் சொல்லாக இருந்தால் சரி. தனியே ‘வான்’ என்று எழுதாமல் ‘வான்பாய்வு’ என்று சேர்த்து எழுதினால் ஆகாயம் குறுக்கே வராது என்றும் நினைக்கிறேன்.

> குளம் வான் பாய்வது நல்ல சேதி அல்லவா? பிழைக்கு அந்தப் பெயரா?

இது உண்மையான தடை, அக்கா. பொங்கல் வைக்கிற விசயத்தைக் கோளாறுக்குப் பெயராக்க எனக்கும் மனம் கொஞ்சம் கூசுகிறது. இன்னொரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன்: வழிந்த நீர் அடுத்த குளத்துக்கோ வயலுக்கோ போய்ச் சேரும், வழிந்த ஒலி எங்கும் போய்ச் சேராது. ஆனாலும் வினையாகச் சொல்ல வருகிறது பாருங்கள்: “வான் பாயுது, கெயினைக் குறை”, “வான் பாய விடாதே”. ‘நறுக்கமுறுகிறது’ என்று பதிவின் நடுவில் எவர் கத்துவார்?

சொல் ஒன்று கிடைத்தால் அதன் உறவுகளும் வரும். ஒலி நிரம்பும் எல்லை, அதாவது டிஜிட்டல் அளவுகோலின் உச்சியான பூச்சிய டெசிபெல், ‘வான்மட்டம்’. ஒலி எல்லை தாண்டாமல் அடக்கும் லிமிட்டருக்கு ‘வான்கதவு’ என்று சொல்ல ஆசைதான். இரணைமடுக் குளத்தில் மழையைப் பார்த்துக் கதவைத் திறக்கிறார்களே. ஆனால் உவமையை அதற்கு மேல் இழுக்கப் பயமாக இருக்கிறது.

இனித்தான் சிக்கல். ஹெட்ரூமுக்கு என்ன சொல்வது? பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கும்படி கெயினை வைத்து, மேலே விட்டு வைக்கிறோமே, அந்த இடம். ‘தலையறை’ கேட்கவே சகிக்கவில்லை. ‘வானிடைவெளி’ விண்வெளி ஆராய்ச்சி மாதிரி இருக்கிறது. மருமகன் இப்போது “மாமா, 12 அடி குறைச்சு வைச்சிருக்கு” என்கிறான். அதைக் கலைச்சொல்லாக்க முடியாது. குளக்கட்டு வேலை தெரிந்தவர்கள், நீர் மட்டத்துக்கும் வான் மட்டத்துக்கும் இடையில் மிஞ்சியிருக்கிற அந்த உயரத்துக்கு உங்கள் ஊரில் பெயர் இருந்தால் எழுதுங்கள்.