பேரிடர் நிதி: கண்டெய்னர் யோசனை பற்றி

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

எந்த நாட்டில் நிலநடுக்கமோ வெள்ளமோ வந்தாலும், நம் சங்கத்தின் சார்பில் ஒரு கண்டெய்னர் நிறைய துணி, அரிசி, பால் பவுடர் அனுப்பலாம் என்று சிங்கப்பூர் மாமா எழுதியிருந்தார். மாமாவின் நல்ல மனசு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பொருளாக அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் கருத்து. 2015இல் நேபாளத்தில் நிலம் நடுங்கியபோது இங்கே தோஹாவில் எங்கள் சைட்டில் பாதிப் பேர் நேபாளிகள். அவர்களோடு இருந்து தெரிந்துகொண்டதை வைத்து எழுதுகிறேன்.

அது ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன். நேபாளத்தில் சனிக்கிழமைதான் வார விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தும் உள்ளே பிள்ளைகள் இல்லை, அதுவரை புண்ணியம். அப்படியும் ஏறக்குறைய 9,000 பேர் போய்விட்டார்கள்.

உலகம் முழுக்க இருந்து பொருள் வந்து குவிந்தது. அந்த நாட்டுக்கு அப்போது இருந்த ஒரே பன்னாட்டு விமான நிலையம் காத்மாண்டு, அதிலும் ஒரே ஓடுபாதை. பாரம் தாங்காமல் அது சேதமாகி, மே மாதத் தொடக்கத்தில் பெரிய விமானங்கள் இறங்கவே தடை போட்டார்கள். வந்து இறங்கிய பொருளும் சுங்கச் சோதனையில் தேங்கி நின்றது. டூனா மீனும் மயோனைசும் வந்திருக்கின்றன, இவற்றை வைத்து நாங்கள் என்ன செய்வது, எங்களுக்குத் தானியமும் உப்பும் சர்க்கரையும்தான் வேண்டும் என்று அந்த நாட்டு நிதியமைச்சரே வெளிப்படையாகச் சொன்னார். கூடாரமும் தார்ப்பாயும் அனுப்புங்கள் என்று அரசு கெஞ்சிக்கொண்டிருந்த நேரம் அது.

நமக்கு இது புதிதா என்ன? 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி மலையாகக் கிடந்ததே. எல்லாம் இழந்து நின்ற மீனவக் குடும்பங்கள்கூட அதைத் தொடவில்லை. அவர்களுடைய மரியாதையை நினைத்துப் பார்க்காமல் அனுப்பிய துணி அது.

பணம் அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. நேபாளத்தில் மலை மாவட்டங்கள்தான் இடிந்தன. தெற்கே தராய் சமவெளிக்கு அவ்வளவு சேதம் இல்லை. அரிசியும் பருப்பும் அங்கேயே வாங்கலாம், அங்கிருக்கும் கடைக்காரரும் லாரிக்காரரும் பிழைப்பார்கள். தார்ப்பாய் வேண்டுமா, கூரைக்குத் தகரம் வேண்டுமா என்பதை அந்த மண்ணில் இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். அதனால் நேபாள செஞ்சிலுவைச் சங்கம் போல, இடர் வருவதற்கு முன்பே அங்கு கிளைகளோடு வேலை செய்பவர்களைத் தேடிக் கொடுப்பதே சரி.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். கத்தாரிலும் எமிரேட்ஸிலும் அனுமதி இல்லாமல் நன்கொடை வசூலிப்பது குற்றம். எமிரேட்ஸில் சமூக ஊடகத்தில் கேட்டாலும் மாட்டிக்கொள்வோம். ஊரில் இருக்கும் சங்கக் கணக்குக்குப் போடலாம் என்றால், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நம்மவர்கள் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும், அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. (இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி வேண்டும். ஆகவே சங்கம் கையில் பணம் வாங்கவே வேண்டாம். அவரவர் இருக்கும் நாட்டில் அனுமதி பெற்ற அமைப்புக்கு, உதாரணமாக இங்கே கத்தார் செம்பிறைச் சங்கம், அங்கே சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம், நேரடியாகக் கட்டிவிடுங்கள்.

அடுத்தது, நம் பக்கத்திலேயே இருப்பவர்கள். வளைகுடாவில் வேலை செய்யும் நேபாளிகள் அனுப்பும் பணத்தில்தான் அந்த மலைக் கிராமங்கள் பாதி நடக்கின்றன. அன்று எங்கள் கேம்பில் வீட்டோடு பேச முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பையன்களுக்கு முதலில் தேவைப்பட்டது போன் கார்டு, அப்புறம் லீவு, அப்புறம் டிக்கெட். சாவுக்குப் போகக்கூட விடுப்பு தரவில்லை என்று நேபாளத் தொழிலாளர் அமைச்சர் அப்போது குறைப்பட்டார். நம்மில் சூப்பர்வைசர், டைம்கீப்பர், ஹெச்.ஆர். வேலையில் இருப்பவர்கள் நிறைய. ஒரு தொழிலாளிக்காக மேலதிகாரியிடம் போய் நின்று லீவும் சம்பள முன்பணமும் வாங்கிக் கொடுத்தால், எந்த கண்டெய்னரும் அதற்கு ஈடாகாது. பாதிக்கப்பட்டது எந்த நாடாக இருந்தாலும், அந்த நாட்டுக்காரர் நம்மோடு வேலை செய்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

ஊரில் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. மீட்புக்குப் போகிறவர்களுக்கு வழி தெரிவதற்காக, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடு, ஒற்றையடிப் பாதை, ஆற்றுப்பாலம் எல்லாவற்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் சேர்ந்து வரையக்கூடிய இணைய வரைபடத்தில் வரைவது. 2010இல் ஹைட்டி நாட்டு நிலநடுக்கத்தின்போது இப்படித்தான் தலைநகர் போர்ட்டோ-பிரான்ஸின் வரைபடத்தை உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சில நாட்களில் போட்டுக் கொடுத்தார்கள். நேபாளத்துக்கு ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர் குழு முன்னின்று நடத்தியது. லேப்டாப்பும் பொறுமையும் போதும். பதற்றம் வரும்வரை காத்திராமல் இப்போதே பழகிக்கொள்ளலாம்.

படங்களைப் பகிரும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அண்ணன் தங்கையைக் கட்டிப்பிடித்திருக்கும் படம் ஒன்று நேபாளக் குழந்தைகள் என்று உலகம் சுற்றியது. அது வியட்நாமில் 2007இல் எடுத்தது. அதை வைத்து நன்கொடை கேட்டவர்களும் உண்டு.

கடைசியாகக் காலக்கணக்கு. நேபாளத்தில் அந்த ஆண்டு ஜூனில் மழை தொடங்கியது. செப்டம்பரில் இந்திய எல்லை அடைபட்டு டீசலும் கேஸும் இல்லை. புனரமைப்பு ஆணையம் அமைந்ததே டிசம்பரில். பலர் அந்தக் குளிரைத் தகரத்தின் கீழ் கழித்தார்கள். வீடு கட்ட அரசு முதலில் 2 லட்சம், பிறகு 3 லட்சம் நேபாள ரூபாய் என்றது, அதுவும் தவணையாக. அது பற்றாமல் வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்கள் ஏராளம். அதற்குள் தொலைக்காட்சிகள் வேறு செய்திக்குப் போய்விட்டன.

என் கோரிக்கை: அவரவர் தர நினைக்கும் தொகையில் பாதியை உடனே கட்டுவோம், மீதியை ஆறு மாதம் கழித்து வீடு கட்டித் தருபவர்களுக்குக் கொடுப்போம். அந்த ஆறாவது மாதம் குழுவில் நினைவூட்டல் மடல் போடும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். எந்த நாட்டில் எந்த அமைப்புக்குக் கட்டலாம் என்ற பட்டியலை நாட்டுக்கு ஒருவராகத் தயார் செய்வோம். கத்தாருக்கு நான். மற்ற நாடுகளுக்கு யார் என்று பொருளாளர் அண்ணனுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
தோஹாவிலிருந்து