"மூணு மாசம்"னு டாக்டர் சொன்ன பிறகு: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பார்த்தவை

தொப்பூர்க்காரர்:
சாகும் நாள் முன்னாடியே தெரிஞ்சா வாழ்க்கை எப்படி மாறும்னு டீக்கடையில பேசுறது வேற. பயாப்ஸி ரிப்போர்ட் வந்து, டாக்டர் வீட்டு ஆளுங்களை மட்டும் தனியா கூப்பிட்டு "மூணு மாசம், மிஞ்சினா ஆறு மாசம்"னு சொன்ன பிறகு பேசுறது வேற. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் அப்படிப்பட்ட வீடுகளுக்குள்ள போய் வேலை பார்க்கிறவங்க எழுதுங்க. ஆறுதல் வேண்டாம். எது முதல்ல, எது அப்புறம், எங்க தப்பாகுது, அதைச் சொல்லுங்க.

பாலக்கோட்டு நர்ஸ்:
முதல்ல அந்த "மூணு மாசம்" எந்தக் கணக்குல வருதுன்னு புரிஞ்சுக்கணும். கிறிஸ்டாகிஸ், லாமண்ட்னு ரெண்டு பேர் சிகாகோவில் பண்ணின ஆய்வு 2000ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. 343 டாக்டர்கள், 468 நோயாளிகள். டாக்டர் சொன்ன காலம் ஓரளவுக்காவது சரியா இருந்தது 20 சதவீதம் பேருக்குத்தான். 63 சதவீதம் பேர் சொன்னதைவிட சீக்கிரமே போயிட்டாங்க. ரொம்ப நாளா பழகின டாக்டரோட கணிப்பு இன்னும் அதிகமா தப்பாச்சு. பழகின ஆளுக்கு நாளைக் குறைச்சுச் சொல்ல யாருக்கும் மனசு வராது. அதனால ஆறு மாசம்னா, வேலைகளை ரெண்டு மாசத்துக்குள்ள முடிக்கிற மாதிரி வெச்சுக்கங்க.

இன்னொரு பக்கமும் உண்டு. "நடுமட்டம் (மீடியன்) எட்டு மாசம்"னா பாதிப் பேர் அதுக்குள்ள, பாதிப் பேர் அதுக்கு மேல. அந்த மேல் பாதி எவ்வளவு தூரம் போகும்னு அந்த எண் சொல்லாது. ஸ்டீபன் ஜே கூல்டுங்கிற விஞ்ஞானிக்கு 1982ல ஒரு அரிய புற்றுநோய். புத்தகத்துல எட்டு மாசம்னு இருந்தது. அவர் 2002 வரைக்கும் இருந்தார். அதனால நிலத்தை வித்துடுங்க, பொண்ணு கல்யாணத்தை அவசரமா முடிச்சுடுங்கன்னு சொல்றவங்க பேச்சைக் கேட்டு திரும்ப எடுக்க முடியாத காரியம் எதையும் முதல் வாரத்துல செஞ்சுடாதீங்க.

வீட்ல இருந்தபடியே கணிக்க ஒரு வழி இருக்கு. மாறுதல் எந்த வேகத்துல நடக்குதுன்னு பாருங்க. போன மாசம் கொல்லைப்பக்கம் தானே நடந்து போனவருக்கு இந்த மாசம் கைத்தாங்கல் வேணும்னா, இன்னும் மாசக்கணக்கு. போன வாரம் உட்கார்ந்து களி தின்னவர் இந்த வாரம் படுத்தபடி கூழ்தான் குடிக்கிறார்னா, வாரக்கணக்கு. நேத்து பேசினவர் இன்னைக்குக் கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டா, நாள்கணக்கு. ஒரு பழைய நோட்டுல ஞாயித்துக்கிழமை தோறும் நாலு வரி போதும்: எவ்வளவு நடந்தார், எவ்வளவு சாப்பிட்டார், எவ்வளவு நேரம் தூங்கினார், வலி எப்படி. டாக்டர்கிட்ட அந்த நோட்டைக் காட்டினா, ஸ்கேனைவிட அது நிறைய சொல்லும்.

இது புற்றுநோய்க்கு நல்லாப் பொருந்தும். அதுல பல மாசம் ஓரளவு நடமாட்டமா இருந்து, கடைசி சில வாரத்துல சட்டுனு இறங்கும். இருதயம், நுரையீரல் நோய் அப்படி இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்க, தேறி வருவார், திரும்பவும் விழுவார். எந்த விழுகை கடைசின்னு முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அந்த வீடுகள்ல "போன தடவையும் இப்படித்தான் இருந்தார்"னே கடைசி வரைக்கும் காகிதம் எதுவும் எழுதாம விட்டுடுறாங்க.

பாலக்கோட்டு நர்ஸ்:
ரெண்டாவது, இந்த இழையில எல்லாரும் சண்டைக்கு வரக்கூடிய விஷயம். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர், உடைஞ்சு போயிடுவார்." நூத்துக்குத் தொண்ணூறு வீட்டு வாசல்ல இதான் முதல் வார்த்தை. அன்புலதான் சொல்றாங்க. ஆனா மகன் டீ வாங்கக் கடைக்குப் போன ரெண்டாவது நிமிஷம் படுத்திருக்கிறவர் கையைப் பிடிச்சுக் கேட்பார்: "எனக்கு இன்னும் எத்தனை நாள்மா?" அவருக்குத் தெரியும். பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாதுன்னு அவரும் மறைக்கிறார். ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு பேரும் தனித்தனியா அழுறாங்க.

சொல்ற முறை ஒன்னு இருக்கு. நின்னுக்கிட்டே சொல்லாதீங்க, கட்டில் உயரத்துக்கு உட்காருங்க. டிவியை அணைங்க. நீங்க ஆரம்பிக்காதீங்க, அவரைக் கேளுங்க: "உடம்பைப் பத்தி டாக்டர் என்ன சொன்னார்னு நினைக்கிறீங்கப்பா?" அடுத்து, "எல்லாம் தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்க பார்த்துக்கட்டுமா?" "நீங்களே பாருங்க"ன்னு சொன்னா அங்கேயே நிறுத்துங்க, அது அவர் உரிமை. தெரியணும்னா ஒரு வாக்கியம் மட்டும்: "கட்டி கரையல, இனி கரையவும் வாய்ப்பில்ல." அப்புறம் வாயைத் திறக்காதீங்க. அந்த மௌனத்தைத் தாங்க முடியாம "எல்லாம் சரியாயிடும்"னு சொன்னீங்கன்னா, சொன்னதெல்லாம் அழிஞ்சு போச்சு. மாசக்கணக்கு அவர் கேட்டா மட்டும் சொல்லுங்க. அதையும் தேதியா சொல்லாம "வருஷக்கணக்கு இல்ல, மாசக்கணக்கு"ன்னு சொல்லுங்க.

காவேரிப்பட்டணம் பத்திர எழுத்தர்:
நர்ஸ் அம்மா சொன்னதை நூறு முறை வழிமொழிகிறேன். நோயாளிக்கே தெரியாமல் உயில் எழுதக் கூட்டி வந்தால் அது உயிலே ஆகாது. தன் சொத்து என்ன, யாருக்குக் கொடுக்கிறோம் என்ற தெளிவோடு, தன் விருப்பத்தில் எழுதியிருக்க வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் செய்வது நல்லது. கட்டாயம் இரண்டு சாட்சிகள். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது. அவர் கையெழுத்திட்டதைப் பார்த்தோ, "இது என் கையெழுத்து" என்று அவரே சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். மறுநாள் கடைக்கு எடுத்துப் போய் சாட்சிக் கையெழுத்து வாங்குவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. சொத்து பெறப்போகிறவர் சாட்சியாக நிற்க வேண்டாம். சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும், பிறகு நீதிமன்றம் அவர்களில் ஒருவரையாவது விசாரிக்கும். ஒருவர் மருத்துவராக இருந்தால் மிக நல்லது. வலி மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், தெளிவாகப் பேசுகிறார் என்று அன்றைய தேதியிட்ட மருத்துவச் சான்று ஒன்று சேர்த்து வையுங்கள்.

எழுந்து வர முடியாதவருக்கு, மனு கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதியலாம். பதிவுச் சட்டம் 31ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாமல், மூச்சு வாங்குகிறவரை நாற்காலியோடு படியேற்றிக் கொண்டு வருகிறார்கள். பார்க்கப் பொறுக்காது.

"உயில் வேண்டாம், இப்போதே செட்டில்மென்ட் (உயிரோடிருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிவிடலாம்" என்பார்கள். உயிலை உயிரோடிருக்கும் வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். ஆறு மாதம் என்று சொன்னவர் ஆறு வருடம் இருந்துவிட்டால் யார் வீட்டுத் திண்ணையில் இருப்பார் என்று யோசியுங்கள். மூத்த குடிமக்கள் என்றால், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்த வரிக்குப் பலன் உண்டு.

பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். மகள்களை விட்டுவிட்டு மொத்தத்தையும் மகன்களுக்கு எழுதிய உயில்கள்தான் வழக்குகளில் பாதி.

நம் பக்கத்துக்கே உரிய சில விடுபடல்கள். கிணற்றில் எத்தனை பங்கு, எந்த நாள் யாருக்கு மோட்டார். கரண்ட் சர்வீஸ் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா. மாந்தோப்பை வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்கியிருந்தால் எத்தனை பருவத்துக்கு, எவ்வளவு. வண்டிப் பாதை யார் நிலத்தில் போகிறது. இவை எந்தப் பட்டாவிலும் இருக்காது, அந்த ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும். போனில் வீடியோ எடுத்து, அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். தோப்புக்கே கூட்டிப்போய் எல்லைக்கல்லைக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. அன்று அவர் முகத்தைப் பாருங்கள், பாதி நோய் இறங்கியிருக்கும்.

ஓசூர் கம்பெனி ஹெச்.ஆர்.:
சிப்காட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு ஒன்னே ஒன்னு: நோய்னு தெரிஞ்சதும் ராஜினாமா எழுதிக் கொடுக்காதீங்க. பி.எஃப். கூடவே வர்ற ஈ.டி.எல்.ஐ. இன்ஷூரன்ஸ், வேலையில இருக்கும்போது இறந்தாத்தான் குடும்பத்துக்கு வரும். உச்சம் 7 லட்சம். கணக்கை முடிக்கிற அவசரத்துல ராஜினாமா பண்ணி அதை இழக்கிறாங்க. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) இருந்தா, புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு, சந்தா நிபந்தனை சரியா இருந்தா, சம்பளத்துல 80 சதவீதம் 2 வருஷம் வரைக்கும் கிடைக்கும்.

கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேர்ல போட்ட பி.எஃப். நாமினேஷன் கல்யாணத்தோட செல்லாது. புதுசா போடுங்க. பேங்க் நாமினி பணத்தை வாங்கிக்கிறவர்தான், சொந்தக்காரர் ஆயிட மாட்டார். 2025 நவம்பர் 1லிருந்து ஒரு பேங்க் கணக்குக்கு நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம்.

அதியமான்கோட்டை வாசகர்:
ஜாதகத்துல எட்டாம் இடம் பார்த்து கண்டம்னு சொன்னதுக்காக இங்க காலபைரவர் கோயிலுக்கு தேய்பிறை அஷ்டமியில வர்றவங்க நிறைய. தப்பே இல்ல, மனசுக்குத் தெம்பு. பரீட்சித்து மகாராஜாவுக்கு ஏழு நாள்னு தெரிஞ்சதும், மகன் ஜனமேஜயன்கிட்ட ராஜ்யத்தை ஒப்படைச்சுட்டுத்தான் கங்கைக்கரையில கதை கேட்க உட்கார்ந்தார். பத்திர எழுத்தர் அண்ணா சொல்ற வரிசை அதுலயே இருக்கு.

பாலக்கோட்டு நர்ஸ்:
நல்லாச் சொன்னீங்க அண்ணா. ஒரு எச்சரிக்கை மட்டும். கீமோ ஊசி போட்ட 7ஆம் நாள்லேர்ந்து 14ஆம் நாள் வரைக்கும் வெள்ளை அணு ரொம்பக் குறையும். அந்த வாரத்துல அஷ்டமிக் கூட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போகாதீங்க. சாதாரண நாள்ல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க.

இப்ப வலி. நியாயமா இதைத்தான் முதல்ல எழுதியிருக்கணும், வலியில துடிக்கிறவர்கிட்ட உயிலும் பேச முடியாது, மனசும் பேச முடியாது. மார்ஃபின்னா "கடைசி மருந்து"ன்னு பயந்து மாத்திரையை அலமாரியில வெச்சுடுறாங்க. வாய்வழி மார்ஃபின் சாதாரண மாத்திரை 4 மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால வலி வர்றதுக்கு முன்னாடியே, மணி பார்த்து, டாக்டர் எழுதின அளவுல கொடுக்கணும். "வலிச்சாக் கொடுக்கலாம்"னு காத்திருந்தா ஒவ்வொரு தடவையும் வலி ஜெயிச்சுடும். முதல் ரெண்டு மூணு நாள் தூக்கம், ஒரு வாரம் குமட்டல், ரெண்டும் அடங்கிடும். மலச்சிக்கல் அடங்காது, அதனால மலமிளக்கி முதல் நாளே தொடங்கணும். இதை மறந்து, அஞ்சாறு நாள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, பழியை மார்ஃபின் மேல போட்டு நிறுத்திடுறாங்க. சிறுநீர் குறைஞ்சு, கை கால் திடீர் திடீர்னு உதறினா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவைக் குறைக்கணும். எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் வாங்கின மருத்துவமனையிலதான் கிடைக்கும்.

வலி நிவாரண மருத்துவத்துக்கு ஒத்துக்கிட்டா சாவுக்கு ஒத்துக்கிட்ட மாதிரி இல்ல. 2010ல அமெரிக்காவில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகள்கிட்ட பார்த்தாங்க. ஆரம்பத்துலேயே இந்தக் கவனிப்பு சேர்ந்தவங்க நடுமட்டமா 11.6 மாசம், சேராதவங்க 8.9 மாசம். வீட்டுக்கே வர்ற கவனிப்பு வேணும்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் கொடுங்க. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல அதுவும் சேர்ந்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி அந்தத் திட்டம் தொடங்கினதே நம்ம சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியிலதான்.

புண்ணு நாத்தம் அடிச்சா, அதுக்காகவே பேரக்குழந்தைங்க கிட்ட வரமாட்டாங்க, அவரும் கூப்பிட மாட்டார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி பண்ணி, நர்ஸ் காட்டிக்கொடுக்கிற மாதிரி, சுத்தம் செஞ்ச புண்ணு மேல தூவினா ரெண்டு மூணு நாள்ல வாடை குறையும். எத்தனையோ வீட்ல பேத்தி திரும்பவும் கட்டில்ல ஏறி உட்கார்ந்தது இந்தச் சின்ன மாத்திரையாலதான்.

அரூர் ஓய்வு வி.ஏ.ஓ.:
ஊராட்சிப் பகுதியில் வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமே பதியலாம். 21 நாளுக்குள் கட்டணமில்லை. ஒரு வருடம் தாண்டினால் அதிகாரி உத்தரவுக்கு அலைய வேண்டும். ஆதாரில் "முனியப்பன்", பட்டாவில் "முனியன்", ரேஷன் கார்டில் "முனுசாமி" என்று இருப்பதை ஆள் இருக்கும்போதே சரிசெய்யுங்கள். இறந்த பிறகு மூவரும் ஒருவரே என்று நிரூபிப்பது வாரிசுகளின் வேலையாகிவிடும்.

தொப்பூர்க்காரர்:
நர்ஸ் அக்கா, கடைசி ரெண்டு மூணு நாளைப் பத்தியும் சொல்லிடுங்க. குளுக்கோஸ் ஏத்தச் சொல்லி சொந்தக்காரங்க சத்தம் போடுவாங்களே.

பாலக்கோட்டு நர்ஸ்:
5 சதவீத குளுக்கோஸ் 500 மில்லி பாட்டில்ல சர்க்கரை 25 கிராம். நூறு கலோரி கூட வராது, ஒரு களி உருண்டையில அதைவிட அதிகம். அந்த நேரத்துல சிறுநீரகம் தண்ணியை வெளியேத்தாது. ஏத்தினது கால் வீக்கமாவும் நெஞ்சுல கரகரப்பாவும் நிக்கும். பசிக்காததால சாகிறார்னு நினைக்காதீங்க, உடம்பு அடங்குறதாலதான் பசி நின்னுருக்கு. வாய் மட்டும் காயும். சுத்தமான துணியை நனைச்சு மணிக்கொரு தடவை உதடும் நாக்கும் ஈரமா வையுங்க.

தொண்டையில கரகரன்னு சத்தம் வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. அது கேட்கிறவங்களுக்குப் பயம், அவருக்கு அநேகமா தெரியாது. முழங்கால்ல நீலத்திட்டு, மூச்சு நின்னு நின்னு வர்றது, மணிக்கட்டுல நாடி தட்டாதது, இதெல்லாம் வந்தா வெளியூர்ல இருக்கிறவங்களுக்குப் போன் பண்ணுங்க.

பால் ஊத்துற சடங்கு. வரிசையா பத்துப் பேர் ஆளுக்கொரு ஸ்பூன் ஊத்துவாங்க. விழுங்கத் தெம்பில்லாத தொண்டை, அந்தப் பால் நுரையீரலுக்குள்ள போகும், மூச்சுத் திணறும். சடங்கை நிறுத்தச் சொல்லல. தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, முகத்தைப் பக்கவாட்டுல திருப்பி, விரலைப் பால்ல நனைச்சு உதட்டுல தடவுங்க. ஊத்துறவங்க ஒவ்வொருத்தரும் காதுகிட்ட குனிஞ்சு தன் பேரைச் சொல்லிட்டுத் தடவட்டும்.