புதுப்பிப்பு: எஸ்.எம்.ஏ. பிள்ளைகளின் முதுகு பிரேஸ்

எஸ்.எம்.ஏ. என்ற, தசையைப் பலவீனமாக்கும் மரபணு நோயால் முதுகு வளையும் சின்னப் பிள்ளைகளுக்கு பிரேஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் தாங்கி) போடுவது பற்றி முன்பு எழுதியிருந்தோம். பிரேஸ் போட்டால் வளைவு நின்றுவிடும் என்ற நம்பிக்கையை அது கொடுத்துவிட்டது. திருத்திக்கொள்கிறோம்: தசை பலவீனத்தால் வரும் வளைவை பிரேஸ் நிறுத்தாது. பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் விட்டு விளையாடத்தான் அது. பொதுவாக வளைவு 20 டிகிரியைத் தாண்டினால் பிரேஸ் போட யோசிப்பார்கள். உட்காரும் பிள்ளைக்கு உட்காரவைத்தே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். படுத்தால் வளைவு குறைவாகத் தெரியும்.

பிரேஸில் வயிற்றுப் பக்கம் திறப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வயிற்றால்தான் மூச்சு விடுகிறார்கள். வயிற்றை மூடினால் மூச்சு திணறும், சாப்பிட்டது எதுக்களிக்கும்.

நாகர்கோவில், குளச்சல் பக்கத்துப் புழுக்கத்தில் பெரிய தொல்லை வியர்வை. உள்ளே பருத்தி பனியன், சுருக்கமில்லாமல் கீழே இழுத்துவிட்டு. நனைந்தால் உடனே மாற்றுங்கள். தேங்காய் எண்ணெய் தோலை ஊறவைக்கும், பவுடர் வியர்வையில் கட்டியாகும், இரண்டும் வேண்டாம். கழற்றியதும் விலாவையும் இடுப்பெலும்பு ஓரத்தையும் பாருங்கள். சிவப்பு 30 நிமிடத்தில் மறையாவிட்டால் மறுபடி மாட்டாமல், பிரேஸ் செய்தவரிடம் கொண்டுபோய் அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். பஞ்சு திணிக்காதீர்கள், அழுத்தம் இன்னும் கூடும். கழுவினால் நிழலில் காயவையுங்கள்; கடும் வெயிலில் பிளாஸ்டிக் கோணிவிடும்.