பெரிய பேராசிரியரா, புது உதவிப் பேராசிரியரா? யாரிடம் பிஎச்.டி. சேரலாம்?

நீர்ப்பூச்சி:
விலங்கியல் எம்.எஸ்சி. முடித்தேன், ஜே.ஆர்.எஃப். (ஆய்வு மாணவர்களுக்கான மாத உதவித்தொகை) கிடைத்துவிட்டது. கைடாக (ஆய்வு வழிகாட்டியாக) இருக்க இரண்டு பேர் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் பேராசிரியர், பெரிய பெயர், ஏற்கெனவே 7 பேர் அவரிடம். இன்னொருவர் உதவிப் பேராசிரியர், ஒரே ஒரு மாணவிதான். வீட்டில் "பெரிய ஆள்கிட்ட போ, வேலைக்கு உதவும்" என்கிறார்கள்.

சினாப்சிஸ்அக்கா:
நான் இரண்டு வகையிலும் இருந்து பார்த்தவள். முதல் கைடு பெரிய ஆள். அவர் அறை வாசல் பெஞ்சிலேயே முதல் வருஷம் போனது. டாக்டோரல் கமிட்டிக்கு (ஆய்வு எப்படிப் போகிறது என்று பார்க்கும் குழு) முந்தின நாள்தான் "உன் தலைப்பு என்னம்மா?" என்று கேட்டார்.

கைடு மாற்றினேன் (அந்த ஃபைல் அலைச்சல் தனிக்கதை). புது மேடம் திங்கள்தோறும் லேப் நோட்டைக் கேட்பார். ஒருமுறை, ரோகு மீன் குஞ்சுகளில் பூச்சிமருந்துச் சோதனை. மூன்று வாரம் ஓட்டியிருந்தேன், கிராஃப் அவ்வளவு அழகு. நோட்டைப் புரட்டியவர், "கன்ட்ரோல் தொட்டிக்குத் தண்ணி எப்ப மாத்தினே?" என்றார். மருந்து போட்ட தொட்டிகளுக்கு மட்டும்தான் மாற்றியிருந்தேன்; ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாமல் வைத்த கன்ட்ரோல் தொட்டிக்கு இல்லை. "மறுபடி போடு." அவ்வளவுதான், திட்டவில்லை. குஞ்சு வாங்கப் பண்ணைக்கு அவரும் வந்தார். ஆக்சிஜன் அடைத்த கவரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போதுதான், செய்முறைப் பகுதியில் எதை எழுத வேண்டும், எதை விடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்.

அந்த 7 பேரையும் டீக்கடையில் பிடியுங்கள். "சார் கடைசியா உங்க டிராஃப்டை எப்ப திருத்தினார்?" இது ஒன்றை மட்டும் கேளுங்கள்.

ஃபைல்மன்னன்:
யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 பேர்தான். நீங்கள் சேர்ந்தால் அங்கே கோட்டா முடிந்தது. ஓய்வுக்கு மூன்று வருஷம்கூட இல்லாதவர் புதிதாக ஆள் எடுக்கவும் முடியாது. சாரின் வயதை விசாரியுங்கள். ஜே.ஆர்.எஃப். பணம் மாதம் 37,000 ரூபாய் வர மாதாமாதம் உறுதிப்படுத்தியாக வேண்டும். கையெழுத்துக்குக் கைடு ஊரில் இருக்கணுமே!

லேப்எலி:
எனக்குப் பெரிய ஆள்தான் கைடு. பைப்பெட் பிடிப்பதிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தது சீனியர் அண்ணன். அவர் வைவா (பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு) முடிந்து போன பிறகு ஒரு வருஷம் திண்டாடினேன்.

நீர்ப்பூச்சி:
கேட்டுவிட்டேன் அக்கா. ஏழில் மூன்று பேர் சிரித்தார்கள், ஒருவர் "திருத்தமா?" என்றார். அந்த ஒற்றை மாணவியோ டிராஃப்டையே எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் பென்சில். "வெள்ளிக்கிழமை மீட்டிங்னா வியாழன் ராத்திரி தூக்கம் வராதுடி" என்றும் சொன்னார். நாளைக்கு அந்த உதவிப் பேராசிரியர் மேடத்தைப் பார்க்கப் போகிறேன்.