நெட்வொர்க்குக்கும் டிஸ்க்குக்கும் ஒரே பஃபர் போதாதா?

விர்ட்டியோ_பித்தன்:
ரிஸ்க்-ஃபைவ் பிராசஸருக்கு ஒரு சின்ன கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு க்யூஎமு என்ற எமுலேட்டரில்தான் ஓடுகிறது. விர்ட்டியோ (எமுலேட்டர் தரும் மெய்நிகர் டிவைஸ்) டிஸ்க் டிரைவர் முடிந்தது. நெட் டிரைவரில் கை வைத்திருக்கிறேன். டிஸ்க்குக்கு என் பஃபர் ரொம்ப எளிது: ஒரு பாயின்டர், ஒரு நீளம். அதையே நெட்வொர்க்குக்கும் கொடுத்தால், டிசிபி தன் ஹெடரை முன்னால் ஒட்டப் புது பஃபர் எடுத்து எல்லாவற்றையும் நகலெடுக்கிறது. பிறகு ஐபி, அப்புறம் ஈதர்நெட். பாக்கெட் ஒன்றுக்கு மூன்று நகல்! லினக்ஸில் பாக்கெட்டுக்கு எஸ்கே_பஃப் தனி, டிஸ்க்குக்கு பயோ தனி என்று வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே ஸ்ட்ரக்ட் வைத்தால் என்ன கெட்டுவிடும்?

பழைய_டிரைவர்காரன்:
இரண்டும் கேட்பது வேறு வேறு. பாக்கெட் முன்பக்கம் வளரும். அதற்காகத்தான் எஸ்கே_பஃபில் ஹெட், டேட்டா, டெயில், எண்ட் என்று நான்கு இடங்களைக் குறித்து வைக்கிறார்கள். பஃபர் எடுக்கும்போதே முன்னால் இடம் விட்டுவிடுங்கள்: டிசிபி 20, ஐபி 20, ஈதர்நெட் 14, விர்ட்டியோ நெட் ஹெடர் 12, ஆக 66 பைட். டிசிபி ஆப்ஷன்களையும் சேர்த்து 128 விட்டால் தாராளம். ஹெடர் போட வேண்டுமா, டேட்டா பாயின்டரை அந்தக் காலி இடத்துக்குள் நகர்த்துங்கள், அவ்வளவுதான். நகலே இல்லை.

வரும் பாக்கெட்டில் அந்த 14 ஒரு தொல்லை. விர்ட்டியோ ஹெடரோடு சேர்த்தால் 12 + 14 = 26, ஐபி ஹெடர் நாலால் வகுபடாத இடத்தில் போய் உட்காரும். தொடக்கத்தில் 2 பைட் சும்மா விட்டால் 28, சரியாகிவிடும். க்யூஎமுவில் இதெல்லாம் தெரியவே தெரியாது. அசல் போர்டுகள் சிலவற்றில் இப்படி அலைன் ஆகாத (வகுபடாத இடத்திலுள்ள) ஒவ்வொரு வாசிப்பும் கர்னலை இடைநிறுத்தி (trap) ஃபர்ம்வேருக்குப் போய்த் திரும்பும். வேகம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

டிஸ்க்குக்கு முன்பக்க இடம் எதற்கு? அங்கே தேவை, சிதறிக் கிடக்கும் மெமரி பேஜ்களின் பட்டியல். லினக்ஸ் 2.4 வரை பிளாக்குக்கு ஒரு பஃபர்_ஹெட். டிஸ்க்கில் எழுத வேண்டிய பெரிய ரிக்வெஸ்ட் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவார்கள், கீழே எலிவேட்டர் (ரிக்வெஸ்ட்களை வரிசைப்படுத்தும் பகுதி) அவற்றை மறுபடி ஒட்டும். வீண் வேலை! 2.5-ல் ஜென்ஸ் ஆக்ஸ்போ பயோவைக் கொண்டுவந்தார்: பேஜ், ஆஃப்செட், நீளம் என்ற மூன்றின் வரிசை. 3.14-ல் இன்னொரு நல்ல மாற்றம். எதுவரை முடிந்தது என்று சொல்லும் கர்சரை அந்த வரிசையிலிருந்து பிரித்தார்கள். அதற்குப் பிறகு பயோவைப் பிளக்க வரிசையைத் தொடவே வேண்டாம்.

எம்பஃப்_ரசிகன்:
பிஎஸ்டி கர்னலின் பாக்கெட் பஃபரான எம்பஃபையும் பாருங்கள். 256 பைட் துண்டுகளின் சங்கிலி, பெரிய டேட்டாவுக்கு 2048 பைட் கிளஸ்டர். முன்னால் இடம் போதாவிட்டால் இன்னொரு துண்டைக் கோத்துவிடலாம். அழகுதான். ஆனால் ஹெடர் இரண்டு துண்டில் பாதி பாதியாகக் கிடக்கலாம் என்பதால், அதைப் படிக்கும் முன் போதுமான பைட் சேர்ந்தாற்போல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் எம்_புல்லப் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். ஓரிடத்தில் மறந்தால் போதும், எப்போதோ ஒருநாள் வரும் ஒரு பாக்கெட்டில் கர்னல் விழும்.

விர்ட்டியோ_பித்தன்:
நன்றி அண்ணா. அனுப்பிய பாக்கெட்டை டிரைவரே ஃப்ரீ செய்துவிட்டால், டிசிபி மறுபடி அனுப்ப எதை எடுக்கும்?

பழைய_டிரைவர்காரன்:
அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், ஸ்ட்ரக்ட்டெல்லாம் பிறகு. லினக்ஸில் டிசிபி அசலை வைத்துக்கொண்டு குளோனைக் கீழே அனுப்புகிறது. பாக்கெட்டைப் பற்றிய விவரம் இரண்டு, டேட்டா ஒன்றே, அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ண ஒரு ரெஃபரன்ஸ் கவுண்ட். கவுண்ட் ஒன்றுக்கு மேல் இருந்தால் டேட்டாவில் எழுதக் கூடாது. எழுதியே ஆக வேண்டுமென்றால் அப்போது நகல் எடுக்கலாம். விர்ட்டியோவில் டிஸ்கிரிப்டரை (பஃபரின் முகவரியும் நீளமும் சொல்லும் குறிப்பு) டிவைஸுக்குக் கொடுக்கும் அவைலபிள் ரிங்கில் போட்டதிலிருந்து அது யூஸ்டு ரிங்கில் திரும்பி வரும்வரை அந்த மெமரி டிவைஸினுடையது. டைம்அவுட் ஆனாலும் ஃப்ரீ செய்யாதீர்கள். டிவைஸ் அதில் அப்புறமும் எழுதும், அதற்குள் அந்த பேஜ் வேறு யாருடைய ஸ்டாக்காகவோ ஆகியிருக்கும்.

ஒரே ஸ்ட்ரக்ட் ஆசையை அடிமட்டத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். பேஜ், ஆஃப்செட், நீளம், கவுண்ட், விடுவிக்கும் ஃபங்ஷன்: இவ்வளவு உள்ள துண்டு ஒன்று இரண்டுக்கும் பொது. டிஸ்கிரிப்டர் நிரப்பும் கோடும் பொதுவாகிவிடும். அதற்கு மேலே பாக்கெட்டும் டிஸ்க் ரிக்வெஸ்ட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.